காற்றை ஆற்றிய கைகளும் ஒரு துப்புரவு மீனும்

கடலை வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை நாம் நினைப்பதைவிட இளையது. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி 1845இல்தான் நீங்கிற்று. மறு ஆண்டு அன்னா தின் என்ற சீமாட்டி, டார்க்கீ கடற்கரையில் சேகரித்த கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். நீரில் காற்று கலக்கவேண்டுமே! திறந்த சன்னலருகே நின்று, அரைமணியோ முக்கால் மணியோ, பணிப்பெண் ஒருத்தி அந்நீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தாள். நம் வீடுகளில் காப்பி ஆற்றுவதைப் போல. அவளுக்கு அது பொழுதுபோக்காக இருந்தது என்று சீமாட்டி பின்னர் எழுதினார். அப்பெண்ணின் கைகளைக் கேட்டால் வேறு சொல்லியிருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. பிறகு கடற்பாசிகள் அவளுடைய வேலையை ஏற்றன. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனிக் கூடம் திறந்தது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல், கடல்தொட்டியை நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைக்கே கொண்டுசென்றது.

வெப்பக் கடலின் பவளத்திட்டு மீன்கள் வீட்டுத் தொட்டியில் நிலைக்க மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961இல் தம் முறையை அமெரிக்க இதழொன்றில் விளக்கினார். உயிர் ஒட்டிய கடற்கற்கள், கொஞ்சம் காற்றுக் குமிழி, அவ்வளவுதான். கல்லிலுள்ள பாக்டீரியாக்களே கழிவைக் கவனித்துக்கொண்டன. அதே அறுபதுகளில் பிலிப்பைன்ஸில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் தொடங்கியது.

இவ்வணிகத்தில் சிக்கியவற்றுள் நம்மை மிகவும் வருத்துவது துப்புரவு ராஸ். விரல் நீளமுள்ள, கருங்கோடு ஓடும் நீல மீன். பெரிய மீன்கள் இதன்முன் வாய் திறந்து காத்துநிற்கும். இது ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவில் ஒரு ராஸ் நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்பதாக 1996இல் கணக்கிட்டார்கள். வீட்டுத் தொட்டியில் அத்தனைக்கு எங்கே போவது? மாற்று உணவுக்குப் பழகாதவை மெலிந்து சாகின்றன.

கடலில் ஓர் ஆணின் ஆளுகையில் பல பெண்மீன்கள் வாழும். ஆண் மறைந்தால் மூத்த பெண் சில மணி நேரத்தில் ஆணைப்போல் நடக்கத் தொடங்கி, சில வாரங்களில் ஆணாகவே மாறிவிடுகிறது. ராபர்ட்சன் இதை 1972இல் எழுதினார். ஆகவே ஒன்று போனால் குடும்பம் சமாளித்துக்கொள்ளும். எல்லாம் போனால்? லிசார்டு தீவிலேயே சில சிறு திட்டுகளில் இம்மீன்களை எட்டரை ஆண்டுகள் அகற்றிப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, அங்கே நிலையாக வாழும் மீன்களின் எண்ணிக்கை 37 விழுக்காடும் இனங்கள் 23 விழுக்காடும் குறைவாக இருந்தன.