எண்ணெய் எழுதிய வரலாறு

கல்லூரியில் நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன் என்பதால், என் வாழ்நாளில் நிகழ்ந்த போர்களையும் ஆட்சிக் கவிழ்ப்புகளையும் தலைவர்களின் பெயரைக் கொண்டு நினைவில் வைப்பதைவிட, ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயின் விலையைக் கொண்டு நினைவில் வைப்பது எனக்கு எளிதாக இருக்கிறது. 3 டாலர், 12 டாலர், 39 டாலர், 10 டாலர், 147 டாலர் என்று வரிசையாகச் சொன்னால் போதும்; சாதாத், கொமேனி, கோர்பசேவ், சதாம் உசேன் எல்லோரும் தத்தம் இடத்தில் வந்து நின்றுவிடுவார்கள்.

நான் பிறந்த காலத்தில் எண்ணெய் ஒரு பொருட்டே இல்லை. அதன் விலையை மேலை நாட்டுப் பெரும் நிறுவனங்கள் சில தமக்குள் பேசி முடிவு செய்தன. மண்ணுக்கு உரிய நாடுகளைக் கேட்காமலே அவை விலையைக் குறைத்ததன் எதிர்வினையாகத்தான், 1960 செப்டம்பரில் பாக்தாத் நகரில் இரான், இராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுலா ஆகிய ஐந்து நாடுகள் கூடி 'ஒபெக்' அமைப்பைத் தொடங்கின. அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்த அமைப்பை உலகம் பெரிதாக மதிக்கவில்லை. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன், டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தார். டாலரின் மதிப்பு சரிந்தது. டாலரில் எண்ணெய் விற்றவர்களின் உண்மை வருவாயும் சரிந்தது. 1973-இல் நடந்ததன் வேர் போர்க்களத்தில் மட்டுமல்ல, இந்த முடிவிலும் இருக்கிறது.

1973 அக்டோபர் 6 அன்று எகிப்தின் அன்வர் சாதாத்தும் சிரியாவின் ஹபீஸ் அல் அசாத்தும் இஸ்ரேல் மீது ஒரே நேரத்தில் படையெடுத்தனர். பத்து நாள் கழித்து, 16-ஆம் தேதி, வளைகுடா நாடுகள் எண்ணெய் விலையை ஏறத்தாழ 70 விழுக்காடு உயர்த்தின. மறுநாள் அரபு நாடுகள் உற்பத்தியை மாதந்தோறும் 5 விழுக்காடு குறைப்பதென முடிவெடுத்தன. சில நாள்களில் அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் எண்ணெய் அனுப்புவதையே நிறுத்தின. ஐரோப்பாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வேக உச்சவரம்பு மணிக்கு 55 மைல் ஆனது.

இவ்விடத்தில் பலரும் இரண்டு செய்திகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். எண்ணெயை ஆயுதமாக்கியவர் சவூதி மன்னர் பைசல். ஆனால், அந்த டிசம்பரில் டெஹ்ரானில் கூடிய கூட்டத்தில் விலையை 11.65 டாலருக்கு உயர்த்தப் பெரிதும் முனைந்தவர் இரானின் மன்னர் ஷா. அவர் அமெரிக்காவின் நெருங்கிய நண்பர். எண்ணெய்த் தடையில் பங்கேற்காதவர். அரசியல் காரணத்துக்காக விதிக்கப்பட்ட தடை 1974 மார்ச் மாதம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நண்பர் உயர்த்திய விலை மட்டும் இறங்கவே இல்லை.

அந்தப் போரில் இந்தியாவுக்கு யாதொரு பங்கும் இல்லை. ஆயினும் எங்கள் தெருவில் மண்ணெண்ணெய் வாங்க நிற்கும் வரிசை நீண்டது. பள்ளி மாணவனாக இருந்த என் வேலை, விடியுமுன் சென்று வரிசையில் தகர டின்னை வைத்து இடம்பிடிப்பது. 1972-இன் வறட்சியால் ஏற்கெனவே உயர்ந்திருந்த விலைவாசி, எண்ணெய்ச் செலவும் சேர்ந்துகொள்ள 1974-இல் 20 விழுக்காட்டையும் தாண்டி ஏறியது. அரசு ஊழியர்களின் அகவிலைப்படி உயர்வில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துவைக்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம். அடுத்த ஆண்டு ஜூன் 25-இல் நெருக்கடி நிலை. நெருக்கடி நிலைக்கு எண்ணெய் விலைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அது ஒரு தலைவர் எடுத்த அரசியல் முடிவு. எனினும் அந்த முடிவுக்கு முந்தைய ஈராண்டுகளின் மக்கள் சினத்தை மண்ணெண்ணெய் வரிசையை விட்டுவிட்டு விளக்க இயலாது. மறுபுறம், 1974-இல் பம்பாய்க் கடலில் எண்ணெய் கண்டறியப்பட்டதும், எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் நிறுவனங்கள் நாட்டுடைமை ஆனதும் அதே அழுத்தத்தின் ஊடாகத்தான்.

கல்லூரியில் நான் பொருளியல் படிக்கச் சேர்ந்தபோது பாடநூலே தடுமாறிக்கொண்டிருந்தது. வேலையின்மை குறைந்தால் பணவீக்கம் ஏறும், வேலையின்மை ஏறினால் பணவீக்கம் குறையும் என்பது ஃபிலிப்ஸ் வளைவு சொல்லும் செய்தி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அப்போது இரண்டும் சேர்ந்தே ஏறின. தேக்கமும் வீக்கமும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதைப் பொருளியலாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தது சினாய்ப் பாலைவனத்துப் போர்.

அதே விலையேற்றத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வளைகுடாவில் குவிந்த டாலர்கள் சாலைகளாகவும் துறைமுகங்களாகவும் மாறத் தொடங்கின. அவற்றைக் கட்டக் கொத்தனாரும் தச்சரும் மின்பணியாளரும் தேவைப்பட்டனர். எண்ணெய் முழுவதையும் இறக்குமதி செய்யும் தென் கொரியா, தன் கட்டுமான நிறுவனங்களை அரபு நாடுகளுக்கு அனுப்பி எண்ணெய்க்குக் கொடுத்த டாலரைத் திரும்ப ஈட்டியது. நம் நாட்டில் அரசு அவ்வாறு திட்டமிட்டு அனுப்பவில்லை. மக்களே கிளம்பிப் போனார்கள். கேரளத்திலும் நம் ராமநாதபுரம், தஞ்சைக் கரையோர ஊர்களிலும் எழுந்த மாடி வீடுகள் அந்தப் பயணத்தின் பயன். ஆக, வளைகுடா நமக்கு விற்ற எண்ணெய்க்கான விலையில் ஒரு பகுதி மணியார்டராகவும் வங்கி வரைவோலையாகவும் திரும்பி வந்தது. இந்த இரட்டைப் பிணைப்பைப் புரிந்துகொண்டால்தான் 1991 விளங்கும்.

1979-ஐ விரைவாகக் கடந்துவிடலாம். ஷா நாட்டைவிட்டு வெளியேறினார். பிப்ரவரி 1 அன்று அயதுல்லா கொமேனி திரும்பினார். மறு ஆண்டு சதாம் உசேன் இரான் மீது தொடுத்த போர் எட்டு ஆண்டுகள் நீடித்தது. விலை 39 டாலரை எட்டியது. இதில் அதிகம் பேசப்படாதது அமெரிக்க மைய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் அளித்த மருந்து. பணவீக்கத்தை ஒடுக்க அவர் வட்டியை 20 விழுக்காடு அளவுக்கு ஏறவிட்டார்; மலிவு வட்டியில் டாலர் கடன் வாங்கியிருந்த லத்தீன் அமெரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திணறின. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கைவிரித்தது. டெஹ்ரான் வீதிகளில் எழுந்த புரட்சிக்கான கட்டணத்தில் ஒரு பங்கை மெக்சிகோ தொழிலாளி செலுத்தினார்.

உயர்ந்த விலைதான் ஆட்சிகளை அசைக்கும் என்பதில்லை. 1985 மார்ச்சில் கோர்பசேவ் பொறுப்பேற்றார். அதே ஆண்டின் பிற்பகுதியில் சவூதி அரேபியா உற்பத்தியைத் திறந்துவிட, 1986-இல் விலை 10 டாலர் வரை சரிந்தது. எண்ணெய் விற்ற டாலரைக் கொண்டு வெளிநாட்டுத் தானியம் வாங்கிவந்த சோவியத் ஒன்றியத்தின் கருவூலம் காய்ந்தது. பின்னாளில் ரஷியாவின் பொறுப்புப் பிரதமராக இருந்த பொருளியலாளர் யெகோர் கெய்தர், ஒன்றியத்தின் வீழ்ச்சியை இந்தச் சரிவிலிருந்தே கணக்கிட்டார். எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். ஆப்கானிஸ்தான், செர்னோபில், பால்டிக் மக்களின் விடுதலை வேட்கை ஆகியவற்றுக்குப் பீப்பாய்க் கணக்கில் இடமில்லை. கிழக்கு ஐரோப்பாவில் மக்கள் எழுந்தபோது பீரங்கிகளை அனுப்பாமல் இருந்தது கோர்பசேவ் என்ற மனிதரின் தேர்வு. வேறொருவர், அதே காலிக் கருவூலத்துடன், அனுப்பியிருக்கக் கூடும்.

1990 ஆகஸ்ட் 2 அன்று சதாமின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. இரானுடனான போரில் அவர் பட்ட கடனும், குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைக் கெடுக்கிறது என்ற குறையும் அதற்குப் பின்னணி. மூன்று மாதங்களுக்குள் விலை இரு மடங்காகி 40 டாலரைத் தொட்டது. முன்பு சொன்ன இரட்டைப் பிணைப்பின் இரு கயிறுகளும் ஒரே நாளில் இறுகின. எண்ணெய்க்குக் கூடுதல் டாலர் வேண்டும். டாலர் அனுப்பிக்கொண்டிருந்தவர்களோ கையில் ஒரு பையுடன் ஜோர்டானின் அம்மான் நகரில் விமானத்துக்குக் காத்திருந்தார்கள். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் சென்று சதாமைச் சந்தித்தார். 59 நாள்களில் ஏர் இந்தியா 488 முறை பறந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அழைத்துவந்தது. உலகின் மிகப் பெரிய பயணியர் விமான மீட்புப் பணி என்று அது பதிவாகியிருக்கிறது.

மனிதர்களைக் காத்த அரசால் நாணயத்தைக் காக்க முடியவில்லை. வெளிநாடுவாழ் இந்தியர்கள் தங்கள் வைப்புகளைத் திரும்ப எடுக்கத் தொடங்கினர். வி.பி. சிங் அரசு நவம்பரில் கவிழ்ந்தது. சந்திரசேகர் அரசு முழு நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்யாமலே மார்ச்சில் பதவி விலகியது. மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். அந்த மே மாதத்தில் 20 டன் தங்கத்தை ஸ்டேட் வங்கி வழியாக விற்றும், ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்தும் நாடு தவணை தவறாமல் தப்பியது. அந்நாள்களில் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தவர், நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். அவ்வாண்டு இறுதியில் சோவியத் ஒன்றியம் மறைந்தபோது, ரூபாயிலேயே கணக்குத் தீர்த்து நம்மிடம் வாங்கிவந்த பெரிய வாடிக்கையாளரும் மறைந்தார். அதன் அடி நீலகிரித் தேயிலை விவசாயியின் மீது நெடுநாள் விழுந்தது.

குவைத் போர்தான் 1991 நெருக்கடியைக் கொண்டுவந்ததா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அன்று மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 8 விழுக்காடு. எண்பதுகளின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடனில் வந்தது. அதில் கணிசமானது குறுகிய காலக் கடன். எண்ணெய் விலை சில மாதங்களில் தணிந்துவிட்டது, நெருக்கடி தணியவில்லை. போரில் ஈடுபடாத நாட்டைத் தொலைதூரப் போர் வீழ்த்த வேண்டுமானால், உள்ளே ஏற்கெனவே ஏதோ உளுத்திருக்க வேண்டும். 2022-இல் ரஷியா உக்ரைனுக்குள் நுழைந்தபோது எண்ணெய் விலை எல்லோருக்கும்தான் ஏறியது. ஏற்கெனவே அந்நியச் செலாவணி வற்றியிருந்த இலங்கைதான் ஏப்ரலில் கடன் தவணையை நிறுத்தியது. பெட்ரோல் வரிசைகள் நீண்ட நாட்டிலிருந்து ஜூலையில் அதிபர் கோத்தபய ராஜபட்ச வெளியேறினார். கையிருப்பு வலுவாக இருந்த இந்தியாவோ, தள்ளுபடி விலையில் ரஷிய எண்ணெயை வாங்கியது. போருக்கு முன் நம் இறக்குமதியில் 2 விழுக்காட்டைக்கூட எட்டாத ரஷியாவின் பங்கு, ஓராண்டுக்குள் மூன்றில் ஒன்றாயிற்று. அது அறத்துக்கு ஏற்றதா என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியைக் கேட்ட ஐரோப்பிய நாடுகளே ரஷிய எரிவாயுவை நெடுநாள் வாங்கிக்கொண்டிருந்தன என்பதும் உண்மை.

இப்போதும் நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதிதான். 1974-இல் பட்ட பாட்டுக்குப் பின், வளர்ந்த நாடுகள் சர்வதேச எரிசக்தி முகமையை அமைத்து, 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான இருப்பை உறுப்பினர்களுக்குக் கட்டாயமாக்கின. நாம் விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து அமைத்துள்ள நிலத்தடிக் கிடங்குகளின் கொள்ளளவு 53.3 லட்சம் டன். நாட்டின் தேவைக்கு ஏறத்தாழ ஒன்பதரை நாள் வரும். எண்ணெய் நிறுவனங்களின் சொந்த இருப்பையும் சேர்த்தால் எழுபது நாளைத் தாண்டும் என்று அரசு சொல்கிறது. அது ஓடிக்கொண்டிருக்கும் தொழிலுக்கான சரக்கு, ஆபத்துக்கான சேமிப்பு அன்று. ஒடிசாவின் சண்டிகோலிலும் பாதூரிலும் மேலும் 65 லட்சம் டன்னுக்குக் கிடங்கு அமைக்க 2021-இல் ஒப்புதல் தரப்பட்டது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் கொள்ளைநோயால் உலகமே முடங்கி எண்ணெய் கேட்பாரற்றுக் கிடந்தபோது, சராசரி 19 டாலர் விலையில் வாங்கி முதல் மூன்று கிடங்குகளையும் நிரப்பினோம். அரசுக் கணக்குப்படி ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய் மிச்சம். கிடங்கு இன்னும் இரண்டு இருந்திருந்தால் அந்த விலைக்கே அவற்றையும் நிரப்பியிருக்கலாம்.