பசுந்தாட் பசளையும் நிலப்பீடையும்

பயிரொன்றை வளர்த்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது நிலத்துக்கு உரமூட்டுதல் தொன்மையான உழவர் வழக்காகும். யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களிற் குழை தாழ்த்தலும் இதனோடு ஒத்ததே. ஆயின், மடக்கும் பயிர் மண்ணிலுள்ள பீடையையும் அடக்குமோ? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

பயிர்வேரைப் பற்றி முடிச்சுண்டாக்கும் நூற்புழு, வெறுங்கண்ணுக்கு எளிதிற் புலனாகாதது. 1855 இல் பேர்க்கிளி என்னும் ஆங்கில அறிஞர் வெள்ளரி வேரில் அம்முடிச்சுக்களைக் கண்டு விவரித்தார். பின்னர் அமெரிக்காவின் தென்பகுதியில், மண்வளத்தின்பொருட்டு விதைத்த கௌபிப் பயறே இப்புழுவுக்கு உணவாயிற்று. பசளைப்பயிரே பீடையை வளர்த்தது என்க. 1902 இல் வெபர், ஓட்டன் என்போர் ‘அயன்’ என்னும் கௌபி இனம் புழுவை எதிர்த்து நிற்றலை அறிவித்தனர். ஆகவே பசளையிடுதல் மட்டும் போதாது. எப்பயிரை இடுவது என்பதே முதன்மையான வினாவாயிற்று.

அவ்வினா சில காலம் பின்தள்ளப்பட்டது. 1943 இல் ஹவாயின் அன்னாசித் தோட்டங்களிற் காட்டர் என்பவர் மலிவான புழுக்கொல்லித் திரவமொன்றைக் கண்டறிந்தார். அதனைத் தொடர்ந்து வேறு நஞ்சுகளும் வந்தன. அவற்றுளொன்றாகிய டீ.பீ.சீ.பீ.யை ஆக்கிய கலிபோர்ணியத் தொழிலாளர் பலர் மலடாயினமை 1977 இல் வெளிப்பட்டது. அம்மாநிலத்துக் கிணறுகளிலும் அந்நஞ்சு காணப்பட்டது.

இதற்கிடையில், 1957 இல் ஒல்லாந்து நாட்டு ஊஸ்டென்பிரிங்க் குழுவினர், துலுக்கச் செவ்வந்தி பயிரிட்ட நிலத்தில் வேரழிக்கும் நூற்புழுக்கள் குறைந்தமையைக் காட்டினர். மறுவருடமே அதன் வேரிலுள்ள நச்சுப்பொருளும் பிரித்தறியப்பட்டது. சணலின் செயல் வேறுவகையானது: புழு அதன் வேரினுட் புகுந்தாலும் வளர்ந்து பெருகுதல் அரிது, சணலோ மண்ணுக்கு நைதரசனையும் ஈட்டித் தரும். கடுகினத்தை நறுக்கி ஈரமண்ணிற் புதைக்குமிடத்து எழும் காரவாயுவும் பீடையைத் தாக்கும். 1993 இல் அவுஸ்திரேலிய அறிஞர் கிர்க்கெகார்ட்டும் உடன் ஆய்ந்தோரும் இம்முறைக்கு ‘உயிர்ப் புகையூட்டல்’ எனப் பொருள்படும் பெயரிட்டனர்.

எனினும் இவற்றுள் எதுவும் எல்லாப் புழுவையும் அடக்குவதன்று. ஓரினத்தை ஒடுக்கும் பயிர் மற்றோரினத்தை ஊட்டுதலும் உண்டு. ஆதலின் நிலத்திலுள்ள பீடை யாதென அறிந்தே விதை தெரிதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல்லாலானது. மண்ணில் ஊற்றுவது கிணற்றை அடைதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை. தோட்டத்துக்கும் குடத்துக்கும் ஒரே நீரை இறைக்கும் நமக்கு, கலிபோர்ணியக் கிணறுகளின் கதை அயலார் கதையன்று. சணல்விதை நம்மவர் அறியாததுமன்று.