இந்திய எஃகுத் துறையில் கரி உமிழ்வுக் குறைப்பு

இந்தியாவில் எஃகு உற்பத்தியின்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்கும் முயற்சிகளை இது குறிக்கும். சீனாவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிக எஃகு உற்பத்தியாவது இங்குதான். ஒரு டன் கச்சா எஃகுக்குச் சுமார் 2.5 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. இது உலகச் சராசரியைவிட அதிகம்.

முதன்மைக் காரணம் நிலக்கரி. ஊதுலையில் கோக் கரி எரிபொருளாக மட்டுமன்றி, இரும்புத் தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் பொருளாகவும் செயல்படுவதால், மின்சாரத்தைத் தூய்மையாக்குவது மட்டும் போதாது. ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களின் ஸ்பாஞ்ச் அயர்ன் எனப்படும் நுண்துளை இரும்பு ஆலைகளில் சாய்வாகச் சுழலும் நீண்ட உருளை உலைக்குள் தாதுவும் மலிவான நிலக்கரியும் சேர்த்துக் கொட்டப்படுகின்றன. பல மணி நேரம் கழித்து வெளிவரும் நுண்துளை இரும்பைக் காந்தத்தால் கரித்துண்டுகளிலிருந்து பிரிக்கிறார்கள். இயற்கை எரிவாயு தட்டுப்பாடான நாட்டில் இம்முறை வேரூன்றியது இயல்பே. ஆனால் உமிழ்வைக் குறைப்பதில் மிகக் கடினமான பகுதியும் இதுவே.

பழைய இரும்பை மின் உலையில் உருக்கினால் உமிழ்வு வெகுவாகக் குறையும். ஆயினும் இந்தியக் கட்டடங்களும் பாலங்களும் பெரும்பாலும் புதியவை என்பதால், போதிய பழைய இரும்பு கிடைக்கப் பல ஆண்டுகளாகும். தாதுவின் ஆக்சிஜனைப் பிரிக்க ஹைட்ரஜனைப் பயன்படுத்தினால் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் நீராவி வெளிவரும், விலைதான் பெருந்தடை. 2023இல் டாடா ஸ்டீல் ஜாம்ஷெட்பூர் ஊதுலையொன்றில் ஹைட்ரஜனைச் செலுத்திச் சோதித்தது.

2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கான வரையறையை வெளியிட்டது: ஒரு டன் எஃகுக்கு உமிழ்வு 2.2 டன்னுக்குக் கீழ் இருக்க வேண்டும், 1.6 டன்னுக்கும் குறைந்தால் ஐந்து நட்சத்திரத் தரம். இறக்குமதிப் பொருளின் உற்பத்தி உமிழ்வுக்கேற்ப ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கரி வரி, இந்திய எஃகு ஏற்றுமதியாளர்களுக்குக் கூடுதல் நெருக்கடியாக உள்ளது.