கருடன் பேசிய கதை: வரலாறா, புனைவா?

தமிழர் கடாரம் என்றறிந்த கெடாவின் அரச மரபைக் கூறும் மலாய் நூல் ‘ஹிக்காயத் மெரோங் மகாவங்சா’. ரூம் நாட்டு இளவரசனும் சீன நாட்டு இளவரசியும் மணப்பதைத் தடுப்பேன் என்று அதில் கருடன் சுலைமான் நபியிடம் சூளுரைக்கிறது. இளவரசனுக்குத் துணையாக வந்த மெரோங் மகாவங்சாவின் கப்பலை அது தாக்குகிறது. அவரோ கரையேறி லங்காசுகாவை நிறுவுகிறார். இறைவன் விதித்த திருமணமும் நடந்தேறுகிறது.

பினாங்கின் எதிர்க்கரையாகிய செபராங் பிறையில் அலுவல் பார்த்த ஜேம்ஸ் லோ, 1849-இல் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்துக் ‘கெடா ஆண்டுக்குறிப்புகள்’ எனத் தலைப்பிட்டார். ஆண்டுக்குறிப்பு என்றதும் கற்பவர் ஆண்டைத் தேடுவர். 1856-இல் ஜான் கிராஃபர்ட், காலக்கணக்கற்ற வெறுங்கட்டுக்கதை என்று இதனைத் தம் அகராதியில் ஒதுக்கினார்.

நூல் தனக்கு இட்டுக்கொண்ட பெயரோ ஹிக்காயத். முன்ஷி அப்துல்லா தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்த பஞ்சதந்திரமும் ஹிக்காயத். அவர் எழுதிய தன்வரலாறும் ஹிக்காயத். நம்மிடத்தும் இத்தகைய வழக்கு உண்டு. 1879-இல் வெளிவந்த தமிழின் முதல் நாவல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்றே பெயர் பெற்றது.

பெயர் கைகொடாதபோது எதைக் கொண்டு வகை பிரிப்பது? தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்காகப் பகுக்கிறது. அவற்றுள் ஒன்று பொருள் மரபில்லாப் பொய்ம்மொழி. மற்றொன்று பொருளொடு புணர்ந்த நகைமொழி. முன்னதற்கு யானையும் குருவியும் நட்புக் கொண்டு திரிந்த கதையைப் பேராசிரியர் சான்று காட்டுவார். இவ்விரண்டையும் பிரிப்பது வியப்பின் அளவன்று. அது பொருளோடு கொண்ட உறவேயாகும்.

இவ்வளவுகோல் இன்றைய புனைவுக்கும் பயன்படும். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்னும் நாய் பேசுகிறது. அஃது இயந்திரம் என்று காரணம் கூறப்படுவதால் அக்கதை அறிவியல் புனைவாகிறது. பஞ்சதந்திர விலங்குகளின் பேச்சுக்குக் காரணம் கேட்பாரில்லை. அவை நீதி உரைக்கின்றன. காரணமும் நீதியும் வேண்டாது, தனக்கென ஓர் உலகைப் படைத்துக்கொள்வது மிகுபுனைவு.

நகை நோக்கம் இல்லையெனினும், கெடாவின் கருடனும் பொருளொடு புணர்ந்ததே. விதியை வெல்லவியலாது என்பதையும், ஓர் அரசகுலம் தன் தோற்றத்தை எவ்வாறு எண்ணிப் பார்த்தது என்பதையும் அது காட்டுகிறது. ஆகவே, ஒரு கதைக்கு வகைப்பெயர் சூட்டுமுன் அது தன் வியப்பை எதன்பொருட்டுக் கூறுகிறது என்று கேட்டல் வேண்டும். அதனைக் கேளாமையால், ஒரு நாட்டின் நினைவு வெறும் பொய்யென ஒதுக்கப்பட்டது.