ஜெர்மன் ஷெப்பர்டு, பக்: வீட்டுக்கு ஏற்ற நாய் எது?

ஜெர்மனியில் ஆட்டு மந்தைகளை மேய்க்கவும் காக்கவும் உருவாக்கப்பட்ட இனம் ஜெர்மன் ஷெப்பர்டு. ஆண் நாயின் எடை 30 முதல் 40 கிலோ. நாள்தோறும் நீண்ட நடையும் முறையான பயிற்சியும் கிடைக்காவிட்டால், ஓயாமல் குரைக்கும். பொருள்களைக் கடித்துக் குதறும்.

சீனாவில் தோன்றிய பக், மனிதருக்குத் துணையாக வளர்க்கப்பட்டது. எடை 6 முதல் 8 கிலோ என்பதால் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பொருந்தும். ஆனால், பராமரிப்பு எளிது என எண்ணிவிடக் கூடாது. நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கின்றன. பக்கின் தட்டையான முகமும் குறுகிய சுவாசப் பாதையும் அதற்குத் தடையாகின்றன. இந்தியக் கோடையின் நண்பகல் வெயில் அதன் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நேரம் ஒதுக்க இயலாதோர் ஜெர்மன் ஷெப்பர்டையும், வெயிலிலிருந்து காக்க இயலாதோர் பக்கையும் தவிர்ப்பது நல்லது. இரண்டுமே 10 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியவை.