கேடயம் கேட்ட துருக்கி

1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா நகரின் மீது ஈராக்கிய விமானங்கள் நச்சுவாயுக் குண்டுகளை வீசின. ஏறத்தாழ 5000 குர்து மக்கள் மாண்டனர். அதன்பொருட்டு எந்த இராணுவக் கூட்டணியும் படை நகர்த்தவில்லை. பேரழிவு ஆயுதங்களின் பரவலை நேட்டோ எதிர்கொண்ட வரலாற்றை ஆராயப் புகும் நாம், இந்நிகழ்வை முதற்கண் நினைவில் இருத்துதல் வேண்டும்.

பனிப்போர் முடிந்த பின்னரே இப்பரவல் அக்கூட்டணியின் தலையாய கவலைகளுள் ஒன்றாயிற்று. 1994இல் அரசியல், பாதுகாப்பு ஆகிய இரு துறைகளுக்கும் தனித்தனிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1999 வாஷிங்டன் மாநாட்டின் முடிவுப்படி மறு ஆண்டில் பிரஸ்ஸல்ஸில் தனி மையமும், 2003 டிசம்பரில் செக் குடியரசின் லிபெரெட்ஸ் நகரில் பன்னாட்டுப் படைப்பிரிவும் தோன்றின. வேதியியல், உயிரியல், அணுத் தாக்குதல் நேருமாயின் அதைக் கண்டறிந்து தாங்குவதே அப்படைப்பிரிவின் பணி. சுருங்கக் கூறின், இது கேடயம், வாளன்று.

கேடயத்திற்கும் வாளுக்கும் இடையிலான எல்லை 2003இல் சோதனைக்குள்ளாயிற்று. ஈராக்கின் மீது போர் மூளும் நிலையில், பிப்ரவரி 10 அன்று துருக்கி, நேட்டோ ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவின்கீழ்க் கலந்தாலோசனை கோரியது. இப்போதே தற்காப்பு ஏற்பாடுகளில் இறங்குவது போரைத் தவிர்க்கவியலாததென ஒப்புவதாகும் எனப் பிரான்சு, ஜெர்மனி, பெல்ஜியம் ஆகியவை மறுத்தன. பிரான்சு இடம்பெறாத பாதுகாப்புத் திட்டக் குழுவில் பிப்ரவரி 16 அன்று இணக்கம் காணப்பட்டது. நெதர்லாந்தின் பேட்ரியாட் ஏவுகணைகள் துருக்கியை அடைந்தன.

ஆயினும் மார்ச் 1 அன்று, அமெரிக்கப் படைகளைத் தன் மண்ணில் அனுமதிக்கும் தீர்மானத்தைத் துருக்கி நாடாளுமன்றம் ஏற்கவில்லை. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. தேவையான பெரும்பான்மை கிட்டவில்லை. கேடயம் கேட்ட நாடு வாளுக்கு வழிவிட மறுத்தது. இவ்விரண்டும் முரண்பாடல்ல என்பதே நம் கருத்து.

2004 அக்டோபரில் அமெரிக்கா தலைமையிலான ஆய்வுக்குழுவே ஈராக்கில் அத்தகைய ஆயுதக் குவியல் இல்லையென அறிவித்தது. ஹலப்ஜாவில் ஆயுதம் இருந்தது, படை வரவில்லை. 2003இல் படை வந்தது, ஆயுதம் இல்லை. இதன் விளைவு பின்னரும் தொடர்ந்தது. 2013 ஆகஸ்டில் சிரியாவின் கூத்தாவில் மெய்யாகவே நச்சுவாயு வீசப்பட்டபோது, ஈராக்கின் நினைவு கனத்திருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இராணுவ நடவடிக்கைக்கான தீர்மானத்தை 285க்கு 272 என நிராகரித்தது. ஆதாரமற்ற எச்சரிக்கை ஒருமுறை எழுப்பப்பட்டால், அதன் விலையைப் பின்னாளில் மெய்யான ஆபத்தில் சிக்கியோரும் செலுத்த நேர்கிறது.