செங்கல்பட்டுச் சீமையில் கூத்தும் கச்சேரியும்

செங்கல்பட்டு வட்டாரத்திலும் மாமல்லபுரக் கடற்கரையிலும் பாட்டும் கூத்தும் வளர்ந்த வரலாறு பெரும்பாலும் கலைஞர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. நிகழ்ச்சிக்கு நாள் குறித்தவர் யார், திரண்ட கூட்டத்துக்குப் பொறுப்பேற்றவர் யார் என்று கேட்டால், அதே வரலாற்றுக்குள் அதிகம் பேசப்படாத ஏற்பாட்டுத் தொழில் ஒன்றும் வாழ்ந்து வந்தது புலப்படும்.

இத்தொழிலின் இலக்கணத்தை வகுத்தவர்கள் தெருக்கூத்துக் குழுவினர். கிரீடம், புஜக்கட்டை முதலிய மரத்தாலான அணிகளைப் பூண்டு ஆடுவதால் கட்டைக்கூத்து என்றும் அழைக்கப்படும் இக்கலைக்கு, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவே பெரிய களம். பகலில் மகாபாரதக் கதையை விரித்துரைக்கும் பிரசங்கமும் இரவில் விடிய விடியக் கூத்துமாகப் பல நாள் நடக்கும் இவ்விழா, துரியோதனனின் மண்ணுருவம் கிடத்தப்படும் படுகளத்திலும் அதையடுத்த தீமிதியிலும் நிறைவுறும். பங்குனியிலிருந்து ஆடி வரை இவ்விழாக்கள் நெருக்கமாக நடப்பதற்குப் பக்தியைப் போலவே பருவமும் காரணம்: அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்திருக்கும், வயல் காய்ந்து ஆடுகளமாகியிருக்கும், வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நாளிருக்கும்.

முற்காலத்தில் கூத்தாடுவது மிராசு முறைக்குள் அடங்கியிருந்தது. அதாவது, குறிப்பிட்ட ஊரில் ஆடும் பரம்பரை உரிமையும் ஆடியே தீரவேண்டிய கடமையும் ஒரே குடும்பத்தினரிடம் சேர்ந்திருந்தன. அம்முறை தளர்ந்தபோது ஒப்பந்தம் அதன் இடத்தைப் பிடித்தது. ஊரார் வெற்றிலை பாக்குடன் அச்சாரப் பணத்தை வைத்துக் கொடுக்க, குழுத் தலைவரான வாத்தியார் அதைப் பெற்றுக்கொண்டால் அந்த இரவு அவ்வூருக்கு உரியதாகிவிடும்; எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் வாக்குத் தவறிய குழுவை மறு ஆண்டு அந்தப் பக்கம் யாரும் அழைக்கமாட்டார்கள். நல்ல வேடக்காரர் பருவத்தின் நடுவே வேறு குழுவுக்குப் போய்விடாதிருக்க அவருக்கு முன்பணம் கொடுத்துக் கட்டிவைப்பதும், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணைக் கலைஞர்களைச் சேர்ப்பதும், அணிகலப் பெட்டியுடன் அடுத்த ஊருக்குப் பயணப்படுவதும் வாத்தியாரின் பொறுப்பு. பந்தல், விளக்கு, குழுவினருக்குச் சாப்பாடு, பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இடம் ஆகியவற்றை ஊர் ஏற்றது. செலவுக்குக் குடும்பந்தோறும் தலைக்கட்டு வரி வசூலிக்கப்பட்டது. பார்ப்பவர் காசு கொடுக்கவில்லை, ஊர் கொடுத்தது. கூட்டத்தில் சண்டை மூண்டாலும் குழந்தை காணாமற்போனாலும் யாரிடம் போய்ச் சொல்வது என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

ஏற்பாட்டாளர் என்று தனியாக எவரும் இல்லாமலே நடக்கும் கூடுகையும் இக்கடற்கரையில் உண்டு. மாசி மகத்தையொட்டி இருளர் மக்கள் மாமல்லபுரக் கடற்கரையில் திரண்டு, சேலைத் துணியால் குடில் அமைத்துத் தங்கி, விடியலில் கன்னியம்மனை வழிபட்டு, ஆடலும் பாடலுமாகத் திருமணங்களையும் நடத்துகின்றனர். இதற்கு நாள் குறிப்பது முழுநிலவு. அழைப்பிதழ்கூடத் தேவைப்படாத இந்தக் கூடுகையைத் திருவிழா நிர்வாகம் பற்றிப் பேசுவோர் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது வியப்புக்குரியது.

நாள் குறிக்கும் உரிமையில் அரசும் பங்குகொண்டது 1990களில். மாமல்லபுரத்தின் சிற்பத்தொகுதி 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பின்னர், தமிழக அரசின் சுற்றுலாத் துறை மார்கழி, தை மாதங்களையொட்டி நாட்டிய விழா நடத்தத் தொடங்கியது. அர்ச்சுனன் தபசுப் பாறையே தொடக்கத்தில் மேடையின் பின்னணியாக அமைந்தது. பருவமழை ஓய்ந்து வெளிநாட்டுப் பயணிகள் மிகுதியாக வரும் காலமும், சென்னையில் இசைவிழாவுக்காகக் கலைஞர்கள் திரண்டிருக்கும் காலமும் ஒன்றாக அமைந்ததால் இந்தத் தேர்வு சாமர்த்தியமானதே. எனினும், இங்கே செலவை அரசு ஏற்க, உள்ளூர்க்காரர் விருந்தோம்பும் இடத்திலிருந்து விலகி வெறும் பார்வையாளராயினர். இதே அரசு ஏற்பாட்டின் உச்சம், 2019 அக்டோபர் 11 அன்று இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் காண்பதற்காகக் கடற்கரைக் கோயிலருகே நடந்த கலை நிகழ்ச்சி. ஊர்க்கூட்டமே இல்லாத விழா அது.

கிழக்குக் கடற்கரைச் சாலை விரிவடைந்த பிறகு தனியார் முயற்சிகள் பெருகின. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, நாட்டார் கலைகளுக்கு நிலையான இடம் தந்தது. கோவளத்தில் அலைச்சறுக்குப் போட்டியோடு இசை நிகழ்ச்சிகளும் சேர்ந்தன. அனுமதிச்சீட்டு விற்று நடத்தும் மாபெரும் கச்சேரியில்தான் பழைய முறையிலிருந்து முழுமையான முறிவு நேர்ந்தது. அதே சாலையில் பனையூரில் 2023 ஆகஸ்ட் 12 அன்று நடைபெறவிருந்த ஏ.ஆர்.ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரி மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10 அன்று நடந்தபோது, சீட்டு வாங்கிய பலர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினர். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் துன்புற்றனர். சாலைப் போக்குவரத்தும் முடங்கியது. ஏற்பாட்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டதென்றாலும், மக்களின் கோபம் முதலில் இசையமைப்பாளர் மீதே பாய்ந்தது. உள்ளே செல்ல முடியாதவர்கள் சீட்டின் நகலைத் தமது குழுவுக்கு அனுப்பும்படி அவரே கேட்டுக்கொண்டார்.

பாரத விழாவில் பாடியவரிடம் எவரும் பந்தலைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை. அதற்கு ஊர் இருந்தது. சீட்டு முறை பணம் வசூலிக்கும் வழியை மாற்றிய அளவுக்குக் கூட்டத்தின் பொறுப்பை ஒருவர் தலையில் உறுதியாக வைக்கவில்லை. பனையூரில் வெளிப்பட்டது அந்தக் குறைதான்.